சந்தி சிரித்த விளக்கு

1924-இல் ஜெர்மனியின் வைமர் நகரத்து டிசைன் பள்ளி ஒன்றில், மேசை விளக்கு செய்துகொண்டு வா என்று ஒரு மாணவனிடம் சொன்னார் வாத்தியார். பையனுக்கு வயது 24. செய்தான். நியாயப்படி மதிப்பெண் போட்டு, பரணில் தூக்கிப் போட்டிருக்க வேண்டிய சமாச்சாரம். நடந்தது வேறு. அந்த விளக்கைப் பார்த்து ஒரு வணிகச் சந்தை சிரித்தது. அதைச் செய்தது நீயா நானா என்ற தகராறு, சம்பந்தப்பட்ட இருவரும் போய்ச் சேர்ந்த பிறகும் ஓயவில்லை. 2012-இல் விளக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தின் படி ஏறியது. நடுவில் ஒரு சரக்குப் போக்குவரத்துக்காரருக்கு இரண்டு வருஷச் சிறைத் தண்டனை வேறு. நல்லவேளை, நிறுத்திவைத்தார்கள்.

பள்ளியின் பெயர் பௌஹவுஸ். இன்றைக்கு அந்தப் பெயரைச் சொன்னால் கட்டடக் கலைஞர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அன்றைக்கு வைமர்வாசிகளும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், வேறு காரணத்துக்காக. கவிஞர்கள் கதேயும் ஷில்லரும் வாழ்ந்த ஊர் அது. நாடகசாலை வாசலில் இருவரும் ஜோடியாகச் சிலையாய் நிற்கிறார்கள். ஓய்வு பெற்ற அதிகாரிகள் மாலையில் கைத்தடியோடு உலாவுகிற அப்படிப்பட்ட ஊரில், மொட்டையடித்த பையன்களும் கிராப் வெட்டிய பெண்களும் விசித்திரமான சட்டைகளோடு திரிந்தால் என்ன ஆகும்? சேட்டை செய்யும் பிள்ளைகளை, பௌஹவுஸில் கொண்டுபோய் விட்டுவிடுவேன் என்று தாய்மார்கள் மிரட்டினார்களாம். பூச்சாண்டிக்கு அந்த ஊரில் வேலை போய்விட்டது.

1919-இல் பள்ளியைத் தொடங்கியவர் வால்டர் க்ரோபியுஸ். கட்டடக் கலைஞர், முதல் உலகப் போரில் குதிரைப்படை அதிகாரியாக இருந்துவிட்டு உயிரோடு திரும்பியவர். போரில் இயந்திரங்கள் செய்த காரியத்தைப் பார்த்த யாருக்கும் இயந்திரத்தின் மீது காதல் வராது. அவருக்கும் வரவில்லை. கட்டடக் கலைஞர்களே, சிற்பிகளே, ஓவியர்களே, எல்லாரும் கைத்தொழிலுக்குத் திரும்புங்கள் என்று ஓர் அறிக்கை விட்டார். அட்டையில் மரச்செதுக்குப் படமாக ஒரு தேவாலயம், கோபுரங்களின் உச்சியில் நட்சத்திரங்கள். பேராசிரியர் என்ற பட்டமே பள்ளியில் கிடையாது. மேஸ்திரி, கூலித் தொழிலாளி, எடுபிடி என்று இடைக்காலத்துப் பட்டறைப் படிநிலைதான். நான்கே வருஷத்தில் இதே மனிதர் இதற்கு நேர் எதிராகப் பேசப்போகிறார். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்ப வகுப்பை நடத்தியவர் யோஹான்னஸ் இட்டன் என்ற சுவிஸ் ஓவியர். க்ரோபியுஸின் அப்போதைய மனைவி ஆல்மா சிபாரிசு செய்து வந்தவர். மழித்த தலை, துறவி அங்கி. மாஸ்தஸ்னான் என்றொரு மார்க்கத்தில் தீவிரப் பற்று. அதன்படி வகுப்பு தொடங்குமுன் மூச்சுப் பயிற்சி, உடற்பயிற்சி. பிறகு உபவாசம், எனிமா. பள்ளிச் சமையலறையும் அவர் வழிக்கு வந்து, பூண்டு போட்ட காய்கறிக் கூழே பிரதான உணவாகிவிட்டது. பௌஹவுஸ் என்றாலே தனக்கு ஞாபகம் வருவது வாயில் வீசும் பூண்டு வாடைதான் என்று பிற்காலத்தில் சொன்னவர் வேறு யாருமில்லை, அந்த ஆல்மாதான். சிபாரிசு செய்தவர்களுக்கு இப்படி ஒரு வசதி எப்போதும் உண்டு.

இட்டன் நல்ல ஆசிரியர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கரடுமுரடு, வழுவழுப்பு, கனம், இலேசு என்று ஒவ்வொரு பொருளையும் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கற்றுக்கொடுத்தார். ஆனால் அவர் மேற்பார்வையில் இருந்த உலோகப் பட்டறை என்ன செய்தது என்று பார்த்தால், சமோவார், மதுக் குடுவை, நகை, ஏழு கிளை வைத்த மெழுகுவர்த்தித் தண்டு. ஊரில் மின்சாரம் வந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. எதிர்காலத்தை வடிவமைக்கிற பள்ளி மெழுகுவர்த்திக்குத் தண்டு செய்துகொண்டிருந்தது. இது போதாதென்று வருஷம்தோறும் விளக்குத் திருவிழா வேறு. மாணவர்கள் காகிதத்தில் கூண்டு விளக்குகள் செய்து ஊர்வலம் போவார்கள். 1922 விழாவுக்கு அழைப்பு அட்டை வரைந்தவர்களில் ஓவியர் பால் க்ளேயும் உண்டு. இன்றைக்கு அந்த அட்டைகளில் ஒன்று கையில் இருந்தால் ஒரு வீடு வாங்கலாம். அன்றைக்கு அதைக் கொடுத்தால் ஒரு டீ கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்.

டீக்கு என்ன விலை என்பதும் அன்றைக்குத் தெரியாது. காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. 1923 நவம்பரில் ஓர் அமெரிக்க டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். எழுத்துப்பிழை இல்லை, லட்சம் கோடிதான். நோட்டு அடிக்கக்கூட ஆள் போதாமல், வைமர் இருந்த துரிங்கியா மாநிலத்தின் வங்கி, பௌஹவுஸ் மாணவன் ஒருவனைக் கூப்பிட்டு அவசர நோட்டு வரையச் சொன்னது. ஹெர்பர்ட் பாயர் என்ற அந்தப் பையன் பத்து லட்சம், இருபது லட்சம் மார்க் நோட்டுகளை மளமளவென்று வரைந்து கொடுத்தான். டிசைன் மாணவன் வரைந்த பணத்துக்கு அரசாங்கமே முத்திரை குத்தியது, வரலாற்றில் அபூர்வம். அந்தப் பணத்தில் என்ன வாங்க முடிந்தது என்று கேட்பது நாகரிகமில்லை.

பள்ளிக்குக் காசு கொடுத்த மாநில அரசு ஒருநாள் கணக்குக் கேட்டது. நாலு வருஷமாய் என்னதான் செய்கிறீர்கள், பொருட்காட்சி வைத்துக் காட்டுங்கள் என்றது. இன்னொரு பக்கம் நெதர்லாந்திலிருந்து தேயோ வான் டூஸ்பர்க் என்பவர் வைமரிலேயே வந்து தங்கி, பௌஹவுஸ் பழம்பஞ்சாங்கம் என்று திட்டிக்கொண்டே 1922-இல் தனி வகுப்பும் நடத்தினார். அதில் உட்கார்ந்தவர்களில் பலர் பௌஹவுஸ் மாணவர்கள். க்ரோபியுஸ் யோசித்தார். 1923 ஆகஸ்ட் 15-இல் பொருட்காட்சி திறந்தபோது பள்ளியின் முழக்கம் மாறிவிட்டிருந்தது. கலையும் தொழில்நுட்பமும், ஒரு புதிய ஒற்றுமை! கைத்தொழிலுக்குத் திரும்பச் சொன்ன 1919 அறிக்கை எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார், இயக்குநர்களுக்குப் பதில் தெரியாத கேள்வி கிடையாது.

புதிய முழக்கத்துக்குப் பழைய அங்கி ஒத்துவராது. 1923 வசந்த காலத்தில் இட்டன் மூட்டை கட்டினார். அந்த இடத்துக்கு வந்தார் லாஸ்லோ மொஹோலி-நாட்ஜ். ஹங்கேரிக்காரர், வயது 27. ஆலைத் தொழிலாளி போடுகிற முழு உடுப்பும் வட்டக் கண்ணாடியுமாக வகுப்புக்கு வருவார். இயந்திர யுகத்தின் தூதர் என்று பார்த்தவுடனே தெரிய வேண்டும் அல்லவா. அவர் எந்த ஆலையில் வேலை பார்த்தவர் என்று கேட்காதீர்கள். படித்தது புடாபெஸ்டில் சட்டம், பிழைப்பு ஓவியம். உலோகத்தோடு அதற்குமுன் அவருக்கிருந்த பழக்கம் அனேகமாகக் கரண்டியோடு மட்டும். அவரை உலோகப் பட்டறைக்குத் தலைவராகப் போட்டார் க்ரோபியுஸ்.

இதற்கு ஒரு முறை இருந்தது. பட்டறைக்கு இரண்டு வாத்தியார்கள். ஒருவர் வடிவம் பற்றிப் பேசுவார். மற்றவர் வேலை தெரிந்தவர். உலோகப் பட்டறையில் வேலை தெரிந்தவர் கிறிஸ்டியன் டெல் என்ற வெள்ளி ஆசாரி. தகட்டை எப்படித் தட்டுவது, எங்கே பற்றவைப்பது, எந்த அரத்தை எப்போது எடுப்பது என்று சொல்லிக்கொடுத்தது இவர்தான். புத்தகங்களில் மொஹோலிக்கு அத்தியாயம், டெல்லுக்கு அடிக்குறிப்பு. அரம் பிடிப்பவர்களுக்கு உலகெங்கும் அதுதான் விதி.

மொஹோலி வந்த வேகத்தில் மூன்று ஓவியங்களைப் பெயர்ப்பலகை செய்கிற ஆலையில் எனாமலில் அடித்து வாங்கினார். தொலைபேசியிலேயே உத்தரவு கொடுத்து முடித்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டார். ஓவியனின் கையே படாத ஓவியம்! அவர் மனைவி லூசியா சொன்னது வேறு. இவர் நேரில் போய்த்தான் உத்தரவு கொடுத்தார், திரும்பி வந்த உற்சாகத்தில், இதைத் தொலைபேசியிலேகூடச் செய்திருக்கலாம் என்றார், அவ்வளவுதான் என்றார் அந்த அம்மாள். பாதி வரலாற்றை மனைவிமார்களிடம் கேட்டு எழுதியிருந்தால் புத்தகங்கள் ஒல்லியாக இருந்திருக்கும்.

இப்பேர்ப்பட்டவர் பட்டறைக்குள் வந்து, வெள்ளியும் வேண்டாம், சமோவாரும் வேண்டாம், இனி நிக்கலும் எஃகும் கண்ணாடியும், செய்ய வேண்டியது மின்விளக்கு என்றதும் பையன்கள் முகம் சுண்டிப்போயிற்று. பொற்கொல்லர் வேலை கற்க வந்தவர்களிடம் ஹோல்டரும் ஒயரும் மாட்டச் சொன்னால்?

அப்போது அங்கே கார்ல் யாகோப் யூக்கர் என்றொரு சுவிஸ் மாணவன் இருந்தான். 1902-இல் பிறந்தவன், கைவேலை சுத்தம். 1923-இலேயே விளக்கு சோதனைகளில் இறங்கிவிட்டான். சுவரிலிருந்து இழுத்து நீட்டுகிற விளக்கு ஒன்று, கண்ணாடி அடித்தட்டும் கண்ணாடித் தண்டும் வைத்த மேசை விளக்கு ஒன்று. நல்ல யோசனைகள். நல்ல யோசனை உள்ளவர்கள் செய்யக்கூடாத ஒரே காரியத்தையும் செய்தான்: அந்த வருஷமே பள்ளியை விட்டுப் போனான்.

யூக்கர் போன பட்டறைக்கு வந்து சேர்ந்தான் வில்ஹெல்ம் வாகன்ஃபெல்ட். 1900-இல் ப்ரேமனில் பிறந்தவன். ஊரில் ஒரு வெள்ளிப் பாத்திர ஆலையில் வேலை கற்று, ஹானாவில் உலோக வேலைப் பள்ளியில் படித்து, தொழில் தெரிந்த கையோடு வந்தவன். மொஹோலி அவனுக்குக் கொடுத்த வேலைதான் மேசை விளக்கு.

என்ன செய்தான் என்று பார்ப்போம். வட்டமான அடித்தட்டு. அதன் நடுவில் நேரே ஒரு தண்டு. உச்சியில் பால் கண்ணாடியில் அரைக்கோளத்தை விடக் கொஞ்சம் பெரிய குடை, அதன் விளிம்பில் நிக்கல் முலாம் பூசிய பட்டை. பக்கத்தில் தொங்குகிற சங்கிலியை இழுத்தால் எரியும், மறுபடி இழுத்தால் அணையும். உயரம் சுமார் 36 சென்டிமீட்டர், குடையின் அகலம் 18. உயரத்தில் பாதி அகலம். வட்டம், உருளை, கோளம், அவ்வளவுதான். பூ இல்லை, கொடி இல்லை, விளக்கைத் தூக்கிப் பிடிக்கிற நிர்வாண தேவதை இல்லை. அந்தக் காலத்து ஜெர்மன் வரவேற்பறை விளக்குகளில் தேவதை இல்லாததைக் கண்டுபிடிப்பது சிரமம். பால் கண்ணாடி பல்பின் கூச்சத்தை விழுங்கிக்கொண்டு பரவலாக வெளிச்சம் தந்தது. படிக்கச் சுகம். இந்த இடத்தில் கிண்டல் செய்ய எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அழகான விளக்கு.

இரண்டு வகை வந்தது. ஒன்றில் அடித்தட்டும் தண்டும் நிக்கல் பூசிய உலோகம், அதன் பட்டறைக் குறி எம்.டி. 8. மற்றது எம்.டி. 9. அதில் இரண்டும் கண்ணாடி. யூக்கரின் பழைய யோசனை இங்கேதான் எட்டிப் பார்க்கிறது. கண்ணாடி எதற்கு? ஒளிவுமறைவு இல்லாத நேர்மையான வடிவம் வேண்டும் என்பதற்கு. சரி, ஒயர் எங்கே போகிறது? கண்ணாடித் தண்டுக்குள் இன்னொரு மெல்லிய உலோகக் குழாய். அதற்குள் ஒயர் பத்திரமாக ஒளிந்திருக்கிறது. ஒளிவுமறைவு இல்லாததைக் காட்டுவதற்காக வைத்த கண்ணாடி வழியே நாம் பார்ப்பது ஒளித்துவைத்த குழாயை. நவீன வடிவமைப்பின் பாதி தத்துவம் இந்தத் தண்டுக்குள் அடங்கிவிடுகிறது.

இதைவிடப் பெரிய வேடிக்கை விளக்கைச் செய்த விதம். பார்த்தால் ஆலையில் ஒரே அச்சில் ஆயிரம் ஆயிரமாகக் கொட்டியது போல் இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது முழக்கம். ஆனால் பள்ளியில் ஆலை ஏது? கண்ணாடி ஊதுகிற உலை கிடையாது. உலோகத்துக்கு உளி, சுத்தியல், அரம், பற்றவைக்கும் சுடர், இரண்டு கை. மாணவன் தகட்டை வட்டமாக வெட்டி, தட்டி நிமிர்த்தி, விளிம்பை அரம்போட்டு, குழாயைப் பற்றவைத்து, பற்றவைத்த தழும்பு தெரியாமல் மறுபடி அரம்போட்டு, மெருகேற்றி, முலாம் பூசி, கடைசியில் கையின் தடயம் எங்கேயும் தெரியாதபடி துடைத்துவைப்பான். கை செய்த வேலையில் பாதி, கை செய்யவே இல்லை என்று காட்டுகிற வேலை. தீபாவளித் துணியைத் தையல்காரரிடம் கொடுத்து, ரெடிமேடு மாதிரி இருக்கணும் என்று கூடுதல் காசு கொடுத்துத் தைத்துக்கொள்வது போல. பூண்டு சாப்பிட்ட காலத்தில் செய்த சமோவாராவது, ஆமாம் என்னைக் கையால்தான் அடித்தார்கள் என்று உண்மையை ஒப்புக்கொண்டது.

மாணவர்கள் இப்படி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது இயக்குநர் அறையில் என்ன எரிந்தது? க்ரோபியுஸ் தன் அறைக்குத் தானே ஒரு விளக்கு வடிவமைத்திருந்தார். மெல்லிய குழல் பல்புகள், ஒன்று கிடையாக, ஒன்று செங்குத்தாக, அந்தரத்தில் தொங்கும். பிரமாதம். நெதர்லாந்து வடிவமைப்பாளர் ரீட்வெல்ட் ஒரு மருத்துவரின் அறைக்குக் கொஞ்சம் முன்னால் செய்த குழல் விளக்கைப் பார்த்தவர்களுக்கு இன்னும் பிரமாதமாகத் தெரியும், ஏனென்றால் சாயல் அவ்வளவு. வகுப்பில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினால் வெளியே நிறுத்துவார்கள். இயக்குநர் பக்கத்து நாட்டைப் பார்த்து எழுதினால் அதற்குச் சர்வதேசப் பாணி என்று பெயர்.

1924-இல் விளக்குகளை லைப்சிக் வணிகச் சந்தைக்கு எடுத்துப் போனார்கள். ஐரோப்பாவின் பெரிய சந்தைகளில் ஒன்று. கைப்பிடி ஆலைக்காரன், பல்பு ஆலைக்காரன், மொத்த வியாபாரி எல்லாம் வந்து குவிகிற இடம். வாகன்ஃபெல்ட் பெருமையோடு விளக்கை நிறுத்தினார். வியாபாரிகள் வந்தார்கள். தூக்கிப் பார்த்தார்கள். விலையைக் கேட்டார்கள். சிரித்தார்கள்.

அவர்கள் சிரித்ததற்கு ரசனைக் குறைவு காரணமில்லை என்பதுதான் கொடுமை. பார்த்தால் இயந்திரத்தில் அடித்த மலிவுச் சரக்கு மாதிரி இருக்கிறது, விலையோ கைவேலைப் பொருளின் விலை. யாரிடம் விற்பது? காசுள்ளவனுக்குத் தேவதை வேண்டும், கொடி வேண்டும், கொடுத்த காசு கண்ணுக்குத் தெரிய வேண்டும். காசில்லாதவனுக்கு எளிமை பிடிக்கும், ஆனால் எட்டாது. ஏழைக்கான வடிவம், பணக்காரனுக்கான விலை. பல வருஷம் கழித்து வாகன்ஃபெல்டே இதை மறைக்காமல் எழுதினார். வியாபாரிகள் சொன்னது நியாயம்தான் என்று அவருக்குப் பட்டுவிட்டது. பௌஹவுஸ் வரலாற்றில் கண்ணாடித் தண்டைவிட ஒளிவுமறைவில்லாத விஷயம் இந்த ஒப்புதல்.

பட்டறையில் இன்னொருவரும் இருந்தார், அவரைச் சொல்லாமல் போனால் பாவம் சேரும். மரியானே பிராண்ட். ஏற்கெனவே ஓவியம் படித்தவர். பௌஹவுஸுக்கு வருகிற வேகத்தில் தன் பழைய ஓவியங்களை எரித்துவிட்டார். பெண்கள் என்றால் நெசவுப் பட்டறைக்குப் போ என்பது அங்கே எழுதாத சட்டம். ஆணும் பெண்ணும் சமம் என்று க்ரோபியுஸ் முதல் வருஷம் சொன்னது உண்மைதான். அதைக் கேட்டு எதிர்பார்த்ததைவிட அதிகமாகப் பெண்கள் வந்துவிட்டதும் பேச்சு தறிப்பக்கம் திரும்பியது. பிராண்ட் உலோகத்துக்குத்தான் போவேன் என்று போனார். உள்ளே இருந்த வீரர்கள் அவருக்குக் கொடுத்த வேலை, சட்டென்று விரிசல் விடுகிற உலோகத் தகட்டில் சின்னச் சின்ன அரைக்கோளங்களாகத் தட்டிக்கொண்டே இருப்பது. சலித்துப்போய் ஓடிவிடுவார் என்று கணக்கு. அவர் ஓடவில்லை. 1924-இலேயே அரைக்கோள வடிவில் ஒரு குட்டித் தேநீர்க் குடுவை செய்தார். தட்டித் தட்டிப் பழகிய வடிவம் வீணாகுமா? 1928-இல் அந்தப் பட்டறைக்கே அவர் பொறுப்பாளர் ஆனார். லைப்சிக்கின் ஒரு விளக்கு ஆலைக்கு அவர் தலைமையில் வடிவமைத்துக் கொடுத்த மேசை விளக்குகள் நிஜமாகவே ஆலையில் தயாராகி நிஜமாகவே விற்றன. அந்தத் தேநீர்க் குடுவையின் ஒரு பிரதி 2007-இல் 3,61,000 டாலருக்கு ஏலம் போனது. அரைக்கோளம் தட்டச் சொன்ன பையன்களில் ஒருவரின் சாமான்கூட அந்த விலையைத் தொட்டதாகத் தெரியவில்லை.

இந்த விளக்கைப் புத்தகத்தில் பார்த்தவர்கள் பெரும்பாலும் லூசியா மொஹோலி எடுத்த புகைப்படத்தில்தான் பார்த்திருப்பார்கள். பள்ளியின் பொருட்களையும் கட்டடங்களையும் அவர் படம் எடுத்துத் தள்ளியது சம்பளத்துக்காக இல்லை. 1933-இல் நாஜிகளுக்குத் தப்பி ஓடும்போது நூற்றுக்கணக்கான கண்ணாடி நெகட்டிவ்களை விட்டுவிட்டுப் போக நேர்ந்தது. அவை க்ரோபியுஸ் கைக்குப் போய், அவரோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறின. 1938-இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் பௌஹவுஸ் கண்காட்சி நடந்து, தடித்த நூலும் வந்தது. படங்கள் இருந்தன, எடுத்தவர் பெயர் இல்லை. வக்கீல் வைத்து மல்லாடி, 1957-இல் அவருக்குத் திரும்பக் கிடைத்தவை பாதிக்கும் குறைவு. ஒரு விளக்கை யார் செய்தார் என்று தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்டவர்கள், அதை உலகத்துக்குக் காட்டியவரின் பெயரை மட்டும் சண்டையே இல்லாமல் மறந்தார்கள்.

பள்ளிக்கு என்ன ஆயிற்று? 1924 தேர்தலில் வலதுசாரிகள் மாநிலத்தைப் பிடித்தார்கள், மானியத்தைப் பாதியாக வெட்டினார்கள். 1925 மார்ச்சோடு வைமர் பௌஹவுஸ் மூடப்பட்டு, டெஸ்ஸாவ் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. வாகன்ஃபெல்ட் கூடப் போகவில்லை. வைமரிலேயே தங்கினார், அங்கே அடுத்து வந்த பள்ளியில் பாடம் நடத்தினார், 1930-இல் நாஜிகள் அந்தப் பள்ளியைக் கைப்பற்றியதும் வேலை இழந்தார். பிறகு அவர் போன இடம்தான் முக்கியம். பக்கத்து ஊரான யேனாவில், ஷாட் நிறுவனத்தின் கண்ணாடி ஆலை. வடிவம் பற்றி முழங்குவதைவிட உலைக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது என்று லைப்சிக் சிரிப்பு அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. 1931-இல் அங்கே அவர் வடிவமைத்த வெப்பம் தாங்கும் கண்ணாடித் தேநீர்க் குடுவை வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. 1938-இல் ஒன்றின் மேல் ஒன்று அடுக்குகிற கண்ணாடிப் பெட்டிகளையும் வேறோர் ஆலைக்காகச் செய்தார். குளிர்பதனப் பெட்டிக்குள் வைக்க வசதியானவை. இவையெல்லாம் நிஜமாகவே இயந்திரத்தில் வந்தன, நிஜமாகவே மலிவாக இருந்தன.

ஒருமுறை மொஹோலி யேனாவுக்கு வந்தார். பால் குவளைகளை உருளையிலிருந்து கொஞ்சம் துளி வடிவத்துக்கு வாகன்ஃபெல்ட் மாற்றியிருந்தார். அப்படிச் செய்தால் கழுவ வசதி, ஊற்ற வசதி, கைக்குச் சுகம். பழைய வாத்தியார் அதிர்ந்து போனார். உருளைக்கும் கூம்புக்கும் கனசதுரத்துக்கும் நாம் பட்ட பாடென்ன, நீ செய்திருக்கிற துரோகமென்ன என்று குறைப்பட்டுக்கொண்டாராம். பால் ஊற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாரா என்பது குறிப்பில் இல்லை.

அடிக்குறிப்பில் விட்டுவந்த டெல்லும் வெளியே போய், 1930-களில் கைசர் நிறுவனத்துக்காக அலுவலக மேசை விளக்குகள் வடிவமைத்தார். கழுத்தை வளைத்து, தலையைத் திருப்பி வைக்கிற எஃகு விளக்குகள். பழைய ஜெர்மன் படங்களில் போலீஸ் அதிகாரியின் மேசையில் நிற்குமே, அந்த வகை. ஆலையில் தயாராகி ஆபீஸ் ஆபீஸாக நின்றன. முழக்கம் எழுதத் தெரியாத ஆசாரி முழக்கத்தை நிறைவேற்றிவிட்டுப் போனார்.

1924 விளக்கு மட்டும் புத்தகத்திலும் அருங்காட்சியகத்திலும் தூங்கியது. 1980-இல் ப்ரேமனைச் சேர்ந்த டெக்னோலூமன் என்ற நிறுவனம், அப்போது 80 வயதாகியிருந்த வாகன்ஃபெல்டின் சம்மதத்தோடு அதை மறுபடி செய்யத் தொடங்கியது. ஒவ்வொன்றுக்கும் அடியில் வரிசை எண். இன்றைக்கும் விலை பல நூறு யூரோ. லைப்சிக் வியாபாரிகள் உயிரோடிருந்தால் மறுபடி சிரித்திருப்பார்கள், ஆனால் இந்தத் தடவை வாங்க ஆள் வந்துவிட்டது. காசுள்ளவனுக்குத் தேவதை அலுத்துப்போய், எளிமைதான் அந்தஸ்து என்று ஆகிவிட்ட காலம்.

வாங்க ஆள் வந்தால் நகல் வரும். இத்தாலியில் மலிவாகச் செய்து ஜெர்மன் பத்திரிகைகளில் விளம்பரம் போட்டு விற்றார்கள். அங்கே அன்றைய நிலையில் இதற்குக் காப்புரிமைத் தடை நடைமுறையில் பலமாக இல்லை, ஜெர்மனியில் இருந்தது. ஜெர்மனியில் விளம்பரம் செய்வதே உரிமை மீறல் என்று 2007-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. பிறகு, இத்தாலியிலிருந்து இந்த விளக்குகளையும் பௌஹவுஸ் பாணி நாற்காலிகளையும் ஏற்றிவந்து வாடிக்கையாளர் வீட்டில் இறக்கிய சரக்குக்காரர் மாட்டிக்கொண்டார். அவர்தான் முதல் பத்தியில் தண்டனை வாங்கியவர். அவரைத் தண்டிப்பது ஒன்றியத்தின் தடையில்லா வணிகக் கொள்கைக்கு விரோதமா என்ற கேள்வி 2012 ஜூன் மாதம் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தில் முடிவானது. விரோதமில்லை, தண்டிக்கலாம் என்றார்கள். எல்லாருக்கும் எட்டுகிற பொருளைச் செய்வோம் என்று கிளம்பிய பள்ளியின் வீட்டுப்பாடத்தை எட்டுகிற விலைக்குக் கொண்டுவந்து சேர்த்தவருக்குக் கிடைத்த மரியாதை இது. நகல் விற்பதை நான் ஆதரிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம், வேடிக்கை பார்க்கிறேன்.

செய்தது யார் என்ற பஞ்சாயத்து இன்னும் பாக்கி. நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் யூக்கர், வாகன்ஃபெல்ட் இருவர் பெயரையும் போட்டிருக்கிறது. டெக்னோலூமன் வாகன்ஃபெல்ட் ஒருவரைத்தான் சொல்கிறது. என் தீர்ப்பு, கண்ணாடித் தண்டு யூக்கருக்கு, மற்றதெல்லாம் வாகன்ஃபெல்டுக்கு, ஒயர் மறைக்கிற குழாயை யார் தலையில் வேண்டுமானாலும் கட்டுங்கள்.

இது வெறும் கௌரவப் பிரச்சினை இல்லை, நாட்காட்டிப் பிரச்சினை. ஜெர்மன் சட்டப்படி படைத்தவர் இறந்து 70 வருஷம் வரை உரிமை. வாகன்ஃபெல்ட் காலமானது 1990-இல். அவர் மட்டும்தான் என்றால் 2060 முடிந்ததும் விளக்கு பொதுச்சொத்து. யூக்கரும் கூட்டு என்றால் கடைசியாகப் போனவரிலிருந்து எண்ண வேண்டும். அவர் போனது 1997-இல். ஆகவே நிக்கல் முலாமும் பால் கண்ணாடியும் ஏற்பாடு செய்துவைத்துக் காத்திருக்கும் அன்பர்கள் 2061 ஜனவரி முதல் தேதி பட்டறையைத் திறக்கலாம். யூக்கர் கட்சிக்காரர்கள் தயவுசெய்து 2068 வரை பொறுக்கவும்.